கடல் இல்லாத தருமபுரியில் துரு எங்கிருந்து வருகிறது? பண்ணைக் கருவிகளைக் காக்கும் பூச்சுகள்

கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் உரம் வைக்கும் அறையின் கதவு, மாட்டுக் கொட்டகையின் தகரம், விசைத்தெளிப்பானின் சட்டம், பட்டுப்புழு மனையின் இரும்புத் தாங்கிகள் ஆகியவை சில ஆண்டுகளிலேயே அரித்து விடுகின்றன. காற்றில் வராத உப்பு நம் பண்ணைக்கு வேறு வழிகளில் வந்து சேர்வதே இதற்குக் காரணம். ரசாயன உரம், பூச்சி மருந்து, மாட்டுச் சிறுநீர், பிளீச்சிங் பவுடர், உப்பு மிகுந்த போர்வெல் நீர் ஆகியவையே அந்த வழிகள்.

இப்போது 'நானோ பூச்சு' என்றும் 'தண்ணீர் ஒட்டாத பூச்சு' என்றும் பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் உண்மையான அறிவியல் உண்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் இவை பொருந்தாது. பணம் செலவழிக்கும் முன், எந்தக் கருவிக்கு எந்தப் பாதுகாப்பு ஏற்றது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

துரு எப்படி உண்டாகிறது?

இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் வேகம் கூடும். ஏனெனில் இது மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலை. ஒரே தகட்டில் ஓரிடத்தில் இரும்பு கரையும், மற்றோர் இடத்தில் ஆக்சிஜன் வினைபுரியும். இரண்டுக்கும் நடுவே பேட்டரியில் ஓடுவதுபோல மிகச் சிறிய மின்னோட்டம் ஓடும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு வேகமாக நடக்கிறது.

துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அது உப்பி உரிவது இதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். முலாம் பூசாத நான்கு இரும்பு ஆணிகளை எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள். முதல் ஆணியைப் போர்வெல் நீரிலும், இரண்டாவதை ஒரு தேக்கரண்டி பொட்டாஷ் கரைத்த நீரிலும், மூன்றாவதைத் தெளிந்த சுண்ணாம்பு நீரிலும் முழுதாக மூழ்கவிட்டு மூடி வையுங்கள். நான்காவது ஆணிக்குக் கிரீஸ் தடவிப் போர்வெல் நீரில் போடுங்கள். சில நாள்களில் முதல் இரண்டும் துருப்பிடித்திருக்கும். சுண்ணாம்பு நீரில் கிடப்பதும் கிரீஸ் தடவியதும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல ஆண்டுகள் நிற்பதும் இந்தப் படலத்தால்தான். குளோரைடு உப்பு அதிகமானால் இந்தப் படலம் உடையும். எனவே தண்ணீர்த் தொட்டி கட்டும்போது கலவைக்கு உப்பு நீரைப் பயன்படுத்தக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456.

காரைக்குடியில் நடக்கும் ஆராய்ச்சி

அரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே நம் மாநிலத்தில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே அது. உலோகத் தகடுகளைக் கடற்கரையான மண்டபத்தில் வெயிலிலும் மழையிலும் வைத்து, எவ்வளவு எடை குறைகிறது என்று அளப்பது இங்கு நடக்கும் ஆய்வுகளில் ஒன்று. ஒரே இரும்பு கடற்கரையில் ஒரு வேகத்திலும் உள்நாட்டில் வேறொரு வேகத்திலும் அரிக்கும். அதாவது, பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த இடத்தில் உப்பும் ஈரமும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நம் பண்ணைக்கும் இதே விதிதான்.

நம் பண்ணையில் அரிப்பு தொடங்கும் இடங்கள்

• உர அறை: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அந்தக் கசிவும் அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் தூசியும் இரும்பில் படிந்து அரிக்கும். மண்வெட்டி, தெளிப்பான், மோட்டார் உதிரிகளை உர மூட்டைகளுடன் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

• மாட்டுக் கொட்டகை: சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, தகரத்தின் துத்தநாக முலாமைத் தின்றுவிடும். காற்றோட்டமும் சிறுநீர் தேங்காத வடிகாலும் இருந்தால் தகரத்தின் ஆயுள் கூடும்.

• பட்டுப்புழு மனை: கிருமி நீக்கத்துக்குப் பயன்படும் 2 சதவீத பிளீச்சிங் பவுடர், 0.3 சதவீத நீற்றுச் சுண்ணாம்புக் கரைசல் இரும்பை அரிக்கும். இதற்காகக் கிருமி நீக்கத்தைக் குறைக்கக் கூடாது. தாங்கிகளுக்கு முன்கூட்டியே பெயின்ட் அடித்து, மருந்து அடித்த பின் நன்றாக உலரவிடுங்கள். பெயின்ட் வாடை முழுதாகப் போன பிறகே புழுக்களை மனைக்குள் கொண்டுவர வேண்டும்.

• போர்டோ கலவை: மயில்துத்தக் கரைசலில் இரும்பு பட்டால், இரும்பு கரைந்து செம்பு அதன் மேல் படியும். கத்தியை நனைத்துச் செந்நிறம் படிகிறதா என்று பார்த்துச் சுண்ணாம்பு போதுமா என்று கண்டறிவது இந்த அடிப்படையில்தான். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் தேவை. இதைப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் மட்டுமே தயாரிக்க வேண்டும். இரும்பு, தகர, அலுமினியப் பாத்திரம் கூடாது.

• சொட்டுநீர் அமைப்பு: உரமும் அமிலமும் கலக்கும் இடம் மணல் வடிகட்டிக்குப் பின்னும் வலை வடிகட்டிக்கு முன்னும் இருக்க வேண்டும். அப்போது இரும்பாலான மணல் வடிகட்டிக்குள் உரக் கரைசல் போகாது. உரம் விட்ட பின் 10 முதல் 15 நிமிடம் வெறும் நீரை ஓட விடுங்கள். அமிலம் ஜி.ஐ. பைப் வழியாகப் போனால் துத்தநாகம் கரைந்துவிடும்.

எந்தக் கருவிக்கு எந்தப் பாதுகாப்பு?

மண்ணில் உராயும் பாகங்களான கொழு, ரோட்டவேட்டர் பிளேடு, மண்வெட்டி ஆகியவற்றுக்குப் பெயின்ட் அடிப்பது வீண். முதல் உழவிலேயே போய்விடும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, உலரவைத்து, மெல்லிய கிரீஸ் அல்லது எண்ணெய் தடவினால் போதும். பழைய என்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. அதில் எரிபொருள் கழிவும் அமிலமும் உலோகத் துகளும் இருக்கும். மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

உராயாத பாகங்களான டிரெய்லர், சட்டங்கள், கதவுகள், தாங்கிகளுக்குப் பெயின்ட் ஏற்றது.

எப்போதும் வெளியில் நிற்கும் வேலிக் கம்பி, கூரைத் தகடு, பைப் ஆகியவற்றுக்குத் துத்தநாக முலாம் சிறந்தது. முலாமில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து, பக்கத்தில் உள்ள இரும்பைக் காப்பாற்றும். பெயின்ட்டுக்கு இந்தக் குணம் கிடையாது. வெல்டிங் செய்த இடத்தில் முலாம் எரிந்துவிடும். அங்கு துத்தநாகம் மிகுந்த பெயின்ட்டை உடனே பூச வேண்டும். புதிய ஜி.ஐ. தகட்டின் மேல் சாதாரண எனாமல் பெயின்ட்டை நேரடியாக அடித்தால், துத்தநாகம் அதிலுள்ள எண்ணெயுடன் வினைபுரிந்து பெயின்ட் உரியும். முலாம் தகட்டுக்கென உள்ள பிரைமரைக் கேட்டு வாங்கி முதலில் பூசுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முறை

1. உரம், சாணம், எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, பின் நல்ல நீரால் அலசவும். உப்பு படிந்திருக்க அதன் மேல் பெயின்ட் அடித்தால் அடியிலிருந்தே கொப்புளம் வரும்.
2. உலர்ந்ததும் வயர் பிரஷ், எமரி தாள் கொண்டு துருவைச் சுரண்டித் தூசியைத் துடைக்கவும்.
3. சுத்தம் செய்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசவும். மறுநாள் வரை விட்டால் புதுத் துரு படியும்.
4. கூர்மையான ஓரம், வெல்டிங் இணைப்பு, போல்ட் ஆகியவற்றுக்கு முதலில் ஒரு கை தனியாகப் பூசவும். பெயின்ட் மெலிவதும் துரு தொடங்குவதும் இந்த இடங்களில்தான்.
5. பிரைமர் காய்ந்த பின் எனாமல் பெயின்ட் இரண்டு கை அடிக்கவும். ஒரே தடவையில் தடிமனாக அடிக்க வேண்டாம்.
6. பனி ஈரம் காயாத காலையிலும் தூறலிலும் அடிக்கக் கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம்.

மாடுகள் நக்கும் தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தில் சாதாரணப் பெயின்ட் அடிக்கக் கூடாது. ஈயம், குரோமேட் கலந்த பெயின்ட் கால்நடைகளுக்கு நஞ்சு.

தண்ணீர் ஒட்டாத பூச்சு: என்ன செய்யும், என்ன செய்யாது?

தாமரை இலையிலும் சேம்பு இலையிலும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாமரை இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் உள்ளன. நீர்த்துளி மேட்டு நுனிகளில் மட்டும் பட்டு, காற்றுப் படுக்கையின் மேல் உருள்கிறது. உருளும்போது தூசியையும் எடுத்துச் செல்கிறது. இதை ஜெர்மனியின் பார்த்லோட், நைன்ஹுயிஸ் ஆகிய தாவரவியலாளர்கள் 1997-இல் விரிவாக விளக்கினர். வேதியியல் ஆய்வாளர்கள் இதைப் பின்பற்றி, உலோகத்தின் மேல் நுண்ணிய சொரசொரப்பை உண்டாக்கி, அதன் மேல் மெழுகு போன்ற பொருளைப் பூசுகிறார்கள். நீர் தங்காவிட்டால் அரிப்பும் குறையும் என்பதே நோக்கம்.

ஆனால் பண்ணைச் சூழலில் இதற்கு நான்கு வரம்புகள் உண்டு.

முதலாவது, அந்த நுண் மேடுகள் மணலும் சேறும் உராய்ந்தால் தேய்ந்துவிடும். எனவே உழவுக் கருவிகளுக்கு உதவாது.

இரண்டாவது, சோப்பு. முட்டைக்கோஸ், வெங்காய இலைகளில் மருந்து உருண்டோடாமலிருக்க நீங்கள் ஒட்டும் திரவம் சேர்க்கிறீர்கள் அல்லவா? இலையில் நடப்பது பூச்சிலும் நடக்கும். ஒட்டும் திரவம் கலந்த மருந்து பட்டால், தண்ணீர் ஒட்டாத பூச்சும் நனைந்துவிடும். தெளிப்பானுக்கு இதை நம்பிப் பயனில்லை.

மூன்றாவது, பனி. மேலிருந்து விழும் மழைத்துளி உருண்டோடும். ஆனால் பனி ஈரம் அந்த மேடுகளுக்கு இடையிலேயே படிவதால் அங்கேயே தங்கிவிடலாம்.

நான்காவது, இவ்வகைப் பூச்சுகள் சிலவற்றில் உள்ள ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. குடிநீர், தீவனம், புழு வளர்ப்பு சம்பந்தப்பட்ட எதிலும் இவற்றைப் பூசாதீர்கள்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் வெளிப்புறம் போல, உராய்வும் மருந்தும் படாத இடங்களில், நல்ல பெயின்ட்டின் மேல் கூடுதல் பாதுகாப்பாக இதைப் பயன்படுத்தலாம். பெயின்ட்டுக்குப் பதிலாக அல்ல.

வாங்கும் முன் கீறல் சோதனை

விற்பனையாளர் தண்ணீர் ஊற்றி உருண்டோடுவதைக் காட்டினால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே மாதிரியான மூன்று இரும்புத் தகடுகளை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். ஒன்றை வெறுமனே விட்டு, இரண்டாவதற்கு ரெட் ஆக்சைடும் எனாமலும் அடித்து, மூன்றாவதற்குப் புதிய பூச்சைப் பூசுங்கள். பூசிய இரண்டிலும் ஆணியால் இரும்பு தெரியும்படி பெருக்கல் குறி போடுங்கள். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, தினமும் இரு வேளை ஒரு மாதம் தெளியுங்கள். ஆய்வகங்களில் பூச்சுகளைச் சோதிக்கும் உப்புத் தெளிப்பு முறையிலும் இதே 5 சதவீதக் கரைசல்தான் பயன்படுகிறது. கீறலிலிருந்து துரு பூச்சுக்கு அடியில் எவ்வளவு தூரம் பரவியுள்ளது, பூச்சு உரிகிறதா, கொப்புளம் உள்ளதா என்று பாருங்கள். சாதாரணப் பெயின்ட்டைவிட நன்றாக நின்றால் மட்டும் வாங்குங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• தெளிப்பானையும் உரம் இடும் கருவிகளையும் வேலை முடிந்த அன்றே மூன்று முறை நல்ல நீரில் அலசி, கவிழ்த்து உலரவைக்கவும். அலசிய நீரைக் கிணறு, வாய்க்கால் பக்கம் ஊற்ற வேண்டாம்.
• கருவிகளை மண் தரையில் வைக்காமல், மரக்கட்டை அல்லது செங்கல் மேல் தூக்கி வைக்கவும்.
• மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கீறல், உரிந்த இடம், வெல்டிங் இணைப்புகளைப் பார்த்து உடனே சரிசெய்யவும்.

நம்மிடம் துருவுக்கு முதல் காரணம் உப்பு. அதைக் கழுவி உலரவைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. பூச்சு அதற்குப் பிறகுதான். கருவிகள் பராமரிப்பு தொடர்பான ஐயங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.