ஓடாதேன்னு போட்ட ரெண்டு கோடு

பாஸ்கெட்பால்னா உயரமா இருக்கறவங்க ஆட்டம், கையை நீட்டினா பந்து வளையத்துல விழுந்துரும்னு நம்மாளுங்க நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது ஒரு பொண்ணோட உடம்புகிட்ட என்ன கேக்குதுங்கற கதை நூறு வருஷத்துக்கும் பழசு. கொஞ்சம் பொறுமையா வாங்க மக்களே :-)

1891 டிசம்பர்ல அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டுல ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சார். அடுத்த வருஷமே பக்கத்துல இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில செண்டா பெரென்சன் அதை மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனா விதிகளை மாத்தித்தான் கொடுத்தார். மைதானத்துக்குக் குறுக்கே ரெண்டு கோடு போட்டு மூணு பாகமா பிரிச்சாங்க. எந்தப் பாகத்துல நிக்கறாங்களோ அதைத் தாண்டக் கூடாது. அடுத்தவங்க கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. முழு மைதானமும் ஓடினா பெண்ணுடம்பு தாங்காதுங்கறது அந்தக் காலத்து மருத்துவர்களின் நம்பிக்கை. பெரென்சன் மேல குறை சொல்ல முடியாது. அந்தக் கோடுகள் இல்லேன்னா பெண்களை ஆடவே விட்டிருக்க மாட்டாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அதே 1890களின் கடைசியிலதான் ஆனைமலைக் காடுகளை வெட்டிப் பெரிய அளவுல தோட்டம் போடற வேலை நடந்தது. கங்காணிங்க சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமா ஆள் கூட்டிட்டு வந்தாங்க. மழையிலயும் அட்டைக்கடியிலயும் கூடையைச் சுமந்துட்டு நாள் முழுக்கச் சரிவுல ஏறி இறங்கினவங்கள்ல பெண்கள் ஏராளம். பி.எச்.டேனியலின் 'எரியும் பனிக்காடு' படிச்சவங்களுக்கு இது தெரியும். ஏனுங்க, அவங்க உடம்பு தாங்குமான்னு எந்த மருத்துவராவது கோடு போட்டாரா? பெண்ணுடம்பு பலவீனம்ங்கற கவலையெல்லாம் வசதியான வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான்னு வால்பாறையில இருந்து பார்த்தா பளிச்சுன்னு தெரியுது.

கோடு அழியறதுக்கு ரொம்ப நாளாச்சு. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அஞ்சு பேரா முழு மைதானமும் ஓடி ஆடற விதி 1971ல்தான் வந்தது. அயோவா மாநிலப் பள்ளிகள்ல பாதி மைதான ஆட்டம் 1993 வரைக்கும் இருந்தது. ஒலிம்பிக்ல ஆண்கள் 1936லயே ஆடிட்டாங்க, பெண்களுக்கு 1976 வரைக்கும் காத்திருப்பு.

கோடு போனதும் ஆட்டம் வேகமாச்சு. 2000ல் சர்வதேச விதி மறுபடி மாறிச்சு. கூடையை நோக்கிப் பந்தை எறிய இருந்த 30 வினாடி 24 ஆச்சு, பாதி மைதானம் தாண்ட இருந்த 10 வினாடி 8 ஆச்சு. 28 மீட்டர் நீள மைதானத்துல 40 நிமிஷ ஆட்டம். ஓட்டம், திடீர் நிறுத்தம், பக்கவாட்டு நகர்வு, குதிப்புன்னு ரெண்டு மூணு வினாடிக்கு ஒருதரம் அசைவு மாறுது. பெண்களுக்குப் பந்து ஒரு அளவு சின்னது, ஆனா வளையம் அதே 3.05 மீட்டர் உயரம்தான்.

அந்தப் புது வேகத்துலதான் நம்ம சென்னைப் பொண்ணு அனிதா பால்துரை வளர்ந்தாங்க. 2000லிருந்து 2017 வரை இந்தியாவுக்காக ஆடி, ஒன்பது ஆசியப் போட்டிகளைப் பார்த்தவங்க. தாயான பிறகு திரும்பி வந்து, 2017ல் பெங்களூருவுல நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவுல 32 வயசுல ஆடினாங்க. இறுதி ஆட்டத்துல கஜகஸ்தானை இந்தியா ஜெயிச்சது 75-73ன்னு. ரெண்டே புள்ளி! 2021ல் அவங்களுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. குழந்தை பெத்த உடம்பை மறுபடி அந்த ஓட்டத்துக்குத் தயார் பண்றது எவ்வளவு பெரிய வேலைன்னு வீட்டுல அம்மாகிட்ட கேட்டாலே புரியும்.

அப்ப பழைய மருத்துவர்கள் சொன்னது தப்புன்னு முடிச்சுரலாமா? முழுசா முடிக்க முடியாது. ஒரு இடத்துல வித்தியாசம் நிஜமாவே இருக்கு, அது முழங்கால். ஏசிஎல்னு சொல்ற மூட்டுத் தசைநார் கிழியற ஆபத்து, இதே ஆட்டத்துல ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டிலிருந்து நாலு மடங்கு. யாரும் இடிக்காமலே, குதிச்சு இறங்கும்போதோ சட்டுன்னு திரும்பும்போதோ கிழிஞ்சுரும். ஆனா இதுக்கு மருந்து ஓட்டத்தைத் தடுக்கறதில்ல. குதிச்சா முழங்காலை உள்பக்கம் சாயவிடாம, மடக்கி இறங்கற பயிற்சியும், தொடை, இடுப்புத் தசைக்குப் பலமும் கொடுத்தா ஆபத்து நல்லாவே குறையுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னாடி கால் மணி நேரம், அதுக்குப் பைசா செலவில்ல.

கோயமுத்தூர்ல சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்கு நாடு முழுக்க இருந்து பெண்கள் அணிகள் வந்து ஆடியிருக்காங்க. அதைப் பார்த்து ஆசைப்படற பொண்ணுங்க பல பள்ளிக்கூடங்கள்ல சிமெண்டுத் தரையிலதான் குதிக்கிறாங்க. அன்னிக்கு உடம்பு மேல அக்கறைன்னு சொல்லி ஓட விடலை. இன்னிக்கு நல்லா ஓட விடறோம், அக்கறையைத்தான் காணோம்.

உங்க ஊர்ப் பள்ளியில பொண்ணுங்க டீம் இருந்தா, குதிச்சு இறங்கச் சொல்லித் தர்றாங்களான்னு விசாரிச்சுப் பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.