இந்தியப் பேரீச்சை

பல ஆண்டுகளுக்கு முன்னர், மண்டூர் முருகன் ஆலயத் திருவிழாவுக்குச் செல்லக் குருமண்வெளித் துறையில் தோணிக்காகக் காத்திருந்தேன். அருகிலிருந்த மௌலவி ஒருவர், "தம்பி, புளிக்கு அரபியில் என்ன பெயர் தெரியுமோ? தம்ர் ஹிந்தீ" என்றார். 'இந்தியப் பேரீச்சை' என்பது பொருள்.

'தம்ர்' உலர்ந்த பேரீச்சையைக் குறிக்கும் தொகுதிப் பெயர். ஒரு கனியை மட்டும் சுட்ட 'தம்ரா' என ஈறு சேர்ப்பர். 'ஹிந்த்' என்னும் நாட்டுப் பெயரோடு 'ஈ' சேர, 'இந்தியாவுக்குரிய' என்று பொருள்படும் அடைமொழி பிறக்கிறது. தமிழில் அடை முன்வரும், அரபியிலோ பின்வரும். இலத்தீன் இரு சொற்களையும் ஒட்டித் 'தமரிந்துஸ்' ஆக்கியது. 1753இல் லின்னேயசு அதனோடு 'இந்திகா' என்பதையும் சேர்த்தார். ஒரே பெயரில் இருமுறை இந்தியா!

ஆயினும், இம்மரத்தின் தாயகம் வெப்பமண்டல ஆபிரிக்கா என்பதே தாவரவியலார் கருத்து. அரபியர் பெயரில் எழுதியது சரக்கு வந்த திசையை. மரம் பிறந்த மண்ணையன்று. தமிழோ திசையே கேளாது, சுவையைப் பெயராக்கிப் 'புளி' என்றது.

யார் பூர்வீகக் குடி, யார் வந்தேறி என்று பெயர்களைச் சான்றுகாட்டி வழக்காடும் நாடு நமது. பெயரை நம்பி, 'புளி இந்தியாவிற் பிறந்த மரம்' என்று ஒருகாலத்தில் எழுதியவன் நானுந்தான்.