கூரை மூங்கிலைக் காத்த புகை

இப்போது நம்ம பக்கத்தில் சிலர் கடைக்கும் தோட்டத்துக்கும் அழகுக்கென்று மூங்கில் கூரை போடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

மூங்கிலுக்குள் மாச்சத்து நிறைய உண்டு. அதைத் தின்னத்தான் துளைவண்டு வருகிறது; மா மாதிரித் தூள் கொட்டுகிறது. பதப்படுத்தாத மூங்கில் மண்ணில் பட்டு நனைந்தால் 1 முதல் 3 வருடம், நனையாமல் இருந்தால் 4 முதல் 7 வருடம் என்பது பொதுக் கணக்கு.

அந்தக் காலத்து ஆட்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று தண்ணீர். வெட்டிய மூங்கிலைச் சில கிழமைகள் குளத்திலோ ஆற்றிலோ ஊறப்போட்டால் மாச்சத்துக் குறையும், வண்டுக்குத் தீன் கிடைக்காது. மற்றது புகை. ஜப்பானியக் கிராமங்களில் வீட்டுக்குள்ளேயே அடுப்பு எரியும், புகைபோக்கி கிடையாது. புல் வேய்ந்த கூரையின் மூங்கில்கள் 100, 200 வருடம் அந்தப் புகையில் ஊறிக் கருஞ்சிவப்பாகும். பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் அந்த மூங்கிலுக்குப் பெயர் சுசுதாகே, அதாவது புகைக்கரி மூங்கில். இன்று அதற்கு நல்ல விலை.

பிறகு மருந்துக் காலம் வந்தது. 1830களில் பிரான்ஸைச் சேர்ந்த புஷெரி, செப்புச் சல்பேற்றுக் கரைசலை மரத்துக்குள் செலுத்திச் சாற்றை வெளியே தள்ளும் முறையைக் கண்டுபிடித்தார். பின்னாளில் பச்சை மூங்கிலுக்கும் அதே முறை வந்தது. 1933இல் இந்தியாவின் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் சேர்ந்த மருந்தை உருவாக்கினார். உலகமெங்கும் பாவித்தார்கள். ஆனால் ஆசனிக் நஞ்சல்லவா? 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டுத் தேவை மரங்களுக்கு அதை நிறுத்தினார்கள்.

இன்று மூங்கிலுக்கு அதிகம் பாவிப்பது போராக்ஸும் போரிக் அமிலமும். வண்டு அண்டாது. ஆனால் மழையில் நனைந்தால் மருந்து கழுவுப்பட்டுப் போகும். ஆகவே மூங்கிலைக் கைமரமாக வையுங்கள். மேலே ஓடோ தகரமோ போட்டு, தாழ்வாரத்தை நீட்டி விடுங்கள்.

நம்ம கிடுகுக் குசினிகளிலும் அடுப்புப் புகைதான் கூரையைப் பூச்சியிலிருந்து காத்தது. காஸ் அடுப்பு வந்து புகை போனது உம்மாமாரின் நெஞ்சுக்கு நல்லதுதான். ஆனால் புகை சும்மா செய்த வேலையை இனி நாம்தான் செய்ய வேண்டும். பச்சை மூங்கிலை வெட்டி அப்படியே கட்டினால், காசும் உழைப்பும் தூளாகக் கொட்டிவிடும்.

தடியும் மூங்கிலும் ஊறப்போட்டுப் பழகிய மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மாதம் வெட்டினார்கள், எத்தனை நாள் ஊறவிட்டார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது.