வல்லாரையும் வைத்தியர் பெயரும்

வயல் வரம்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் படர்ந்து, கணுத்தோறும் வேரூன்றி வளர்வது வல்லாரை. அதனைச் சம்பலாக உண்ணாதார் எம்மிடையே மிகச் சிலரே. சிங்கள மக்கள் இதனைக் கொட்டுகொல என்பர். வடமொழி வைத்திய நூல்களின் மண்டூகபர்ணி இதுவேயாம். வட இந்தியாவில் ‘பிராமி’ என்னும் பெயர் வல்லாரைக்கும் வழங்க, கேரளத்தில் அது நீர்ப்பிரமியையே குறிக்கும். குடும்பத்தால் வேறான இரு பூண்டுகள் ஒரே பெயரில் விற்கப்படுமிடத்து, பெயர் அற்ப விடயமன்று.

தாவரவியலார் இதன் பெயர் வரலாற்றை லின்னேயசின் 1753ஆம் ஆண்டு நூலிலிருந்து கணிப்பர். ஆயின் லின்னேயசு மேற்கோள் காட்டிய நூல்களுள் ஒன்று ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்பதை நாம் மறத்தலாகாது. கொச்சியில் ஒல்லாந்தக் கம்பனியின் அதிகாரியாயிருந்த வான் ரீடே தொகுப்பித்த அந்நூல், 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. அதன் 10ஆம் பாகத்தில் வல்லாரை ‘கொடகம்’ என்னும் மலையாள வழக்குப் பெயரோடு காணப்படுகிறது.

அவ்வறிவு யாருடையது? முதற்பாகத்திலேயே விடை உண்டு. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் 1675இல் அளித்த வாக்குமூலம் அவரது எழுத்திலேயே அதில் அச்சாகியுள்ளது. கொங்கணிப் பிராமணர் மூவரது வாக்குமூலமும் உண்டு. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட ஒரு சமூகத்தவரின் பரம்பரை ஏட்டறிவே ஐரோப்பியத் தாவரவியலின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ரீடே அப்பெயர்களை மறைக்கவில்லை என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளூர் மூலிகைகளால் கம்பனியின் மருந்துத் தேவையை நிறைவேற்றும் நோக்கம் அவருக்கு இருந்தது என்பதும் உண்மையே. ஆனால் அவரது நூலிலிருந்து எடுத்தாண்டோர், நூலாசிரியரைக் குறித்தனரேயன்றி வைத்தியரைக் குறிக்கவில்லை. செடிகளைத் தேடிக் கொணர்ந்த கூலியாட்களுக்கோ எங்கும் பெயரில்லை.

பின்னர் வல்லாரை ஆய்வுகூடத்துள் நுழைந்தது. 1941இல் மடகாஸ்கரில் வளர்ந்த செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருளுக்கு ‘ஆசியற்றிக்கோசைட்’ எனப் பெயரிட்டனர். தொழுநோய்க்கும் ஆறாப் புண்ணுக்கும் அது பயன்படுத்தப்பட்டது. இனப்பெயராகிய ‘ஆசியற்றிக்கா’விலிருந்து பிறந்த அப்பெயரில் ஒரு கண்டம் நின்றது, மனிதர் எவரும் இல்லை.

இலத்தீனில் அமைந்த அப்பன்னிரு பாகங்களையும் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பெயர்ப்பு 2003இல் வந்தது. அச்சுதனின் தாய்மொழியாகிய மலையாளத்தில் அந்நூல் வெளிவந்தது 2008இலேயாகும்.