கேடிப் பட்டியலிலிருந்து நன்னடத்தைச் சான்று வரை

‘அவன் சரியான கேடி’ என்று ஒருவரை மற்றொருவர் ஏசுவதை நாம் கேட்டிருக்கிறோம். சென்னை மாகாணக் காவல் நிலையங்களில், பேர்போன கொள்ளையர் என்று கருதப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று இருந்தது. அப்பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான ‘கே’, ‘டி’ என்பவற்றால் போலீசார் அவர்களைக் குறித்தனர். அந்த அலுவலகக் குறி நாளடைவில் தெருவுக்கு வந்து வசைச்சொல் ஆயிற்று.

இன்று ஒரு பள்ளியிலோ, விடுதியிலோ, முதியோர் இல்லத்திலோ வேலைக்குச் சேர்பவரிடம் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். அன்றைய கேடிப் பட்டியலும் இன்றைய சான்றும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஒரு மனிதனின் கடந்த காலத்தை அறிந்துகொண்டால் அவனால் வரக்கூடிய தீங்கைத் தடுக்கலாம் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. இந்த எண்ணம் யாரைக் காத்தது, யாரை வருத்தியது என்பதைத் தருமபுரி வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டே நாம் ஆராயலாம்.

ஊரே பதிவேடு

1792-இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரி மாவட்டம் அப்பகுதியைச் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடு என்பவரின் தலைமையில் இங்கே நிலவரி அமைப்பை வகுக்க வந்த உதவி அதிகாரிகளுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இங்குப் பணியாற்றிய அவர், பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னரானார்.

கிராமத்தை நேரில் கண்டறிந்த மன்றோ, ஊர்க்காவலை ஊராரிடமே விடுவது நல்லது என்று வாதாடினார். அவருடைய முயற்சியால் 1816-இல் வந்த சட்டங்கள், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட தரோகாக்களை நீக்கிவிட்டு, மணியக்காரர், தலையாரி ஆகியோரிடம் காவல் பொறுப்பை ஒப்படைத்தன. ஊரில் யார் யாருடைய பிள்ளை, எவர் எங்கே போய் வருகிறார் என்பதெல்லாம் தலையாரிக்கு மனப்பாடம். வேறு பதிவேடு எதற்கு?

ஆனால் இந்த முறையில் இரண்டு குறைகள் இருந்தன. வெளியூரிலிருந்து வந்தவரைப் பற்றித் தலையாரிக்கு ஒன்றும் தெரியாது என்பது முதற்குறை. அதிகாரம் உடையவரே கொடுமை செய்தால் கேட்பதற்கு ஆளில்லை என்பது இரண்டாவது. வரி தண்டும் சேவகர்களும் காவல் சேவகர்களும் ஒருவராகவே இருந்ததால், குடியானவர்களைச் சித்திரவதை செய்து வரி வசூலிக்கும் வழக்கம் பரவியிருந்தது. இதனை விசாரித்த குழு 1855-இல் அறிக்கை தந்தது. அதன் பிறகே, 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட புதிய போலீஸ் படை சென்னை மாகாணத்தில் அமைந்தது. தலையாரியின் நினைவில் இருந்த செய்திகள் இனிக் காகிதத்தில் ஏறலாயின.

பிறப்பே குற்றமானது

காகிதத்துக்கு மறதி இல்லை. ஆனால் அதில் எதை எழுதுவது என்பதை மனிதரே முடிவு செய்கிறார். இங்கேதான் பெரும் அநீதி நேர்ந்தது.

1871-இல் வட இந்தியாவுக்கென ‘குற்றப் பரம்பரையினர் சட்டம்’ இயற்றப்பட்டது. 1911-இல் திருத்தி எழுதப்பட்ட அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இதன்படி ஒரு சமூகம் முழுவதையுமே குற்றக் கூட்டம் என்று அறிவிக்க முடியும். அதில் பிறந்தவர் களவு செய்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. பெயரைப் பதிவு செய்து, கைரேகை கொடுத்து, குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். ஊரை விட்டுப் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும்.

அன்றைய சேலம் மாவட்டத்தில் தருமபுரியும் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தில் இச்சட்டத்தின் சுமை விழுந்தவர்களுள் குறவர் சமூகத்தினர் முக்கியமானவர்கள். பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்று வந்தவர்கள் அவர்கள். அரசின் உப்புக் கொள்கையும், 1860-களில் வந்த இரயில் பாதையும் அந்த வாணிகத்தைப் பறித்தன. பிழைப்பை இழந்து அலைந்தவர்களை, அலைவதையே காரணம் காட்டிச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தனர். பதிவு செய்யப்பட்டவர்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் இடம் தந்தது. மக்களைக் காப்பதாகச் சொன்ன பதிவேடு, எளியவர்களின் குழந்தைகளையே பிடுங்கியது.

சென்னை மாகாணம் 1947-இல் இச்சட்டத்தை நீக்கியது. இந்தியா முழுவதிலும் 1952 ஆகஸ்ட் 31-இல் அது ஒழிந்தது. எனினும் பட்டியலில் ஏறிய பெயருக்கு உண்டான களங்கம் சட்டத்தோடு போய்விடவில்லை. இன்றும் ‘சீர்மரபினர்’ என்னும் பெயர் அந்தப் பழைய வரலாற்றை நினைவூட்டுகிறது.

1,024 அறைகள்

பதிவேடு நியாயமாக நடக்க வேண்டுமானால், அது கூட்டத்தைக் குறிக்காமல் தனி மனிதனைக் குறிக்க வேண்டும். ஒரே பெயருடையோர் பலர் இருக்கும் நாட்டில் இது எளிதன்று. தருமபுரிச் சந்தையில் நின்று ‘மாதையா!’ என்றோ ‘முனியப்பா!’ என்றோ கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

இந்தச் சிக்கலுக்கு அறிவியல் தந்த விடை விரல் ரேகை. இருவர் ரேகை ஒன்றுபோல் இராது, ஒருவர் ரேகை வாழ்நாளில் மாறாது என்பதை 1892-இல் வெளியான தமது நூலில் பிரான்சிஸ் கால்டன் விளக்கினார். ஆனால் இலட்சக்கணக்கான ரேகைத் தாள்களுக்கு நடுவில் வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? கல்கத்தாவில் எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்களின் உழைப்பால் இதற்கு வழி பிறந்தது.

அந்த வழி எளிய கணக்கே. பத்து விரல்களையும் ஐந்து சோடிகளாக்குங்கள். ஒவ்வொரு விரலிலும் சுழி இருக்கலாம், அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே ஒரு சோடிக்கு நான்கு நிலைகள் உண்டு. ஐந்து சோடிகளுக்கும் நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1,024 வருகிறது. 32 வரிசை, 32 நிரை கொண்ட அலமாரியில் இந்த 1,024 வகைகளுக்கும் ஒவ்வோர் அறை கொடுத்துவிடலாம். புதிதாக ஒரு தாள் வந்தால் அதற்குரிய அறையில் மட்டும் தேடினால் போதும். 1897-இல் கல்கத்தாவில் இந்த முறையில் விரல் ரேகைக் கூடம் தொடங்கப்பட்டது. 1901-இல் இலண்டனின் ஸ்காட்லாந்து யார்டும் இதனை ஏற்றுக்கொண்டது.

முன்பு தண்டனை பெற்றவர் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் இனி அடையாளம் தெரியும். அதைவிட முக்கியமாக, பெயர் ஒற்றுமையால் மாட்டிக்கொண்ட நிரபராதி ‘நான் அவனல்லன்’ என்று மெய்ப்பிக்கவும் முடியும். ஆனால் அதே ரேகைதான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கையிலும் கருவியாக இருந்தது. கருவி துல்லியமானது என்பதால் அதைப் பயன்படுத்தும் கொள்கையும் நேர்மையானதாகிவிடாது.

கண்காணிப்பிலிருந்து பாதுகாப்புக்கு

சுதந்திரத்துக்குப் பின் இந்தப் பதிவேடுகளின் எல்லை பற்றி நீதிமன்றங்கள் கேள்வி எழுப்பின. சந்தேகத்துக்குரியவர் என்று பட்டியலில் இருப்பவரின் வீட்டுக்குள் போலீசார் இரவில் நுழைந்து பார்க்க இடம் தந்த உத்தரப் பிரதேச விதியை, 1962-இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

மறுபுறம், பதிவேட்டின் செய்தி சேர வேண்டிய இடத்துக்குச் சேராவிட்டால் என்ன நேரும் என்பதை உலகம் 2002-இல் கண்டது. இங்கிலாந்தில் சோகம் என்னும் ஊரில் பள்ளிக் காப்பாளராக இருந்த ஒருவர் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றார். வேறொரு பகுதியில் அவர் மேல் முன்பே பல புகார்கள் எழுந்திருந்தன. வேலைக்கு எடுத்தபோது அச்செய்திகள் பள்ளிக்கு எட்டவில்லை. பிச்சர்டு விசாரணைக் குழு 2004-இல் இந்த ஓட்டைகளை எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக, குழந்தைகளோடும் நலிந்தோரோடும் பணிபுரிபவர்களைச் சரிபார்க்கும் சட்டம் 2006-இல் அங்கே வந்தது.

நம் நாட்டில் 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்கீழ், 2020-இல் புதிய விதிகள் வெளியாயின. குழந்தைகள் தங்கும் இல்லங்கள், பள்ளிகள், குழந்தைக் காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சிக் கூடங்கள் ஆகியவற்றில் பணிபுரியும் ஒவ்வொருவரையும் குறித்த கால இடைவெளிகளில் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 3-ஆம் விதி கூறுகிறது. ஆசிரியர், வாகன ஓட்டுநர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு இதில் இல்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. பெற்றோரின் கை விட்டு, முன்பின் அறியாதவர்களின் கையில் வளரும் பிள்ளைக்கு இந்த விதி எத்துணைத் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வலையின் கண்கள்

எனினும் இந்தச் சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வேலைக்கு விண்ணப்பித்த 1,000 பேரில் 10 பேர் முன்பு குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர்கள். அவர்களில் 3 பேர் மேல் மட்டுமே புகார் பதிவாகியுள்ளது. சரிபார்ப்பு பிழையின்றி நடந்தாலும் எஞ்சிய 7 பேர் கையில் குற்றமற்றவர் என்ற சான்று இருக்கும். சான்றில் தவறு இல்லை. பதிவேட்டில் ஏறாததை அது சொல்ல முடியாது என்பதே உண்மை.

இதற்குத் தருமபுரி மாவட்டமே மறக்க முடியாத சாட்சி. சித்தேரி மலை அடிவாரத்தில், அரூருக்கு அருகில் உள்ளது வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் கிராமம். 1992 ஜூன் 20-இல் சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த் துறையினர் அங்கே புகுந்தனர். ஊரார் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். ஊர் முழுவதையும் கடத்தல்காரர் கூட்டம் என்று கருதிய அந்த மனப்போக்கு, பழைய குற்றப் பரம்பரைச் சட்டத்தை நினைவூட்டவில்லையா?

நீண்ட போராட்டத்துக்குப் பின், 1995-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அவர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

சம்பவத்துக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர்களில் எவரைப் பற்றியேனும் ‘இவர் தண்டனை பெற்றவரா?’ என்று கேட்டிருந்தால், இந்த வழக்கைப் பொறுத்தவரை ‘இல்லை’ என்பதே விடையாக வந்திருக்கும். மேலும், பிறரைச் சரிபார்க்கும் துறையைச் சேர்ந்தவர்களே அதில் இருந்தனர். 1855-இல் சித்திரவதைக் குழு சுட்டிய கேள்வியே இங்கும் எழுகிறது: காவலரைக் காண்பவர் யார்?

செய்யத்தக்கவை

இதனால் சரிபார்ப்பே வீண் என்று முடிவு கட்டுவது பேதைமை. முன்பு குற்றம் செய்த 3 பேரை வாசலிலேயே நிறுத்துவது சிறு காரியமன்று. ஆனால் அதனை முதற்படியாகக் கொள்ள வேண்டும், முழுக் காவலாகக் கொள்ளக் கூடாது. பழைய வேலையிடத்தில் விசாரிப்பது, குழந்தையோடு ஒருவர் தனித்திருக்க நேராதபடி பணிகளை அமைப்பது, குழந்தை அச்சமின்றிப் பேச ஓர் ஆளை ஏற்படுத்துவது ஆகியவை அடுத்த படிகள்.

பதிவேடு தானாக எழுதிக்கொள்வதில்லை. யாரேனும் வாய் திறந்து சொன்னால்தான் அதில் ஒரு வரி ஏறுகிறது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் எவரும் தெரிவிக்கலாம்.

அதே வேளையில், எழுதப்படும் வரி நியாயமானதாகவும் இருக்க வேண்டும். அது தனி மனிதனின் செயலைப் பற்றியதாக இருக்கட்டும். சாதியையோ குலத்தையோ ஊரையோ பற்றியதாக வேண்டாம். சிறு வயதில் தவறிழைத்துத் திருந்தியவரின் பழைய பதிவு அவருடைய எதிர்காலத்தைப் பெரும்பாலும் மறிக்கக் கூடாது என்பதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது.

பாராமகாலின் தலையாரி தம் ஊரை நினைவில் வைத்திருந்தார். நாமோ கணிப்பொறியில் நாட்டையே வைத்திருக்கிறோம். அந்தக் கணிப்பொறியில் வாச்சாத்திப் பெண்களின் குரல் ஏறுவதற்கு 19 ஆண்டுகள் ஆயின. இன்னொரு கிராமத்திலோ பள்ளியிலோ எழும் அத்தகைய குரல் அன்றைக்கே பதிவாகுமாறு பார்த்துக்கொள்வது, காவல்துறையோடு ஆசிரியர், பெற்றோர், மாணவர் ஆகிய நம் எல்லோருடைய கடமையும் ஆகும்.