தேசவழமையில் மணமான பெண்ணின் சொத்துரிமை

தேசவழமை, இலங்கையின் வட மாகாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் திசாவை என்ற நிர்வாக அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், இம்மக்களின் வழக்கங்களைத் திரட்டி 1707இல் எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

சொத்து வகைகள்

தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரித்தது. கணவன் கொண்டுவரும் பரம்பரைச் சொத்து முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். மணவாழ்வில் தேடியது தேடியதேட்டம். பழைய வழக்கில் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. போர்த்துக்கேயர் காலத்தில் இந்த ஒழுங்கு தளர்ந்ததை ஐசாக்ஸின் தொகுப்பே குறிப்பிடுகிறது. வீடும் வளவும் மகள் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றியது.

1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம்

யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் மனைவியின் சொத்தை அவளது தனிச்சொத்தாக ஏற்றது. நகை, பணம் போன்ற அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி கையாளலாம். காணி, வீடு என்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தாய் தன் சீதனக் காணியை மகளுக்கு நன்கொடையாக எழுத நொத்தாரிசிடம் போனாலும் உறுதியில் கணவனின் சம்மதம் இருக்க வேண்டும். அதே காணியை மரணசாசனத்தில் எழுதி வைக்க அந்தச் சம்மதம் தேவையில்லை. தன் தனிச்சொத்தை விற்கும் கணவனுக்கு மனைவியின் சம்மதம் கேட்கும் கடமையும் இல்லை.

கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றி மறுத்தாலோ மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம். உள்நாட்டுப் போரில் கணவன் காணாமற்போன பெண்ணுக்கு, தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கே வழக்குச் செலவும் அலைச்சலும் சேர்கின்றன.

இன்றைய நிலை

1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச்சட்டம், பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட இலங்கைப் பெண்களுக்குக் கணவனின் சம்மதமின்றிச் சொத்தைக் கையாளும் உரிமையைக் கொடுத்தது. தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு அது பொருந்தாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆயினும் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் முன்பிருந்த சட்டங்கள் செல்லும் என்கிறது. சீதனத்தைப் பெண்ணின் சொத்தென்று முன்னோர் ஏற்றனர். அதை அவள் விருப்பப்படி கையாளத் தடையாக நிற்கும் சம்மத விதியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.