எலியின் மீசையும் மூளையின் வரைபடமும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் எலியின் குறும்பை அறியாதார் இலர். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை நட்டுத் தொடங்கிய தோட்டத்தொழில், பின்னாளில் பால்மரங்களை வீழ்த்திச் செம்பனையை எழுப்பிற்று. எலிக்கு அது பெருவிருந்தாயிற்று. பழக்குலைகளைக் கொறிக்கும் எலியை ஒழிக்க நஞ்சு வைத்தனர். கூகைகளுக்குப் பெட்டி வீடுகளும் கட்டினர். ஆயினும், காரிருளில் மட்டைகளுக்கிடையே முட்டாமல் மோதாமல் ஓடும் அவ்வுயிர் எதனைக் கொண்டு வழி காண்கிறது என வினவியோர் சிலரே.

1912-இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டெல்லா வின்சென்ட் இவ்வினாவை முறையாக எழுப்பினார். புதிர்வழிகளில் ஓடப் பழகிய வெள்ளெலிகளின் மீசையை நீக்கியபோது அவை தடுமாறின. மீசை அழகுக்காக அமைந்ததன்று. அஃது ஓர் ஊன்றுகோல் என்பது அதனால் விளங்கிற்று. நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் வீசித் தடவியே எலி தன் சூழலை அளக்கிறது.

மீசையின் அடியில் எழும் உணர்வு மூளையை எட்டுவது எங்ஙனம்? முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு அதனை முதலில் மூளைத்தண்டில் சேர்க்கிறது. அங்கிருந்து பாதை மறுபக்கம் தாண்டித் தலாமஸ் என்னும் இடைநிலையத்தை அடைந்து, பெருமூளைப் புறணியில் முடிகிறது. ஆகவே வலக்கன்னத்து மீசையின் செய்தியை இடப்பக்க மூளையே பெறுகிறது. நம் முகத்திற்கும் வழி இதுவே.

இப்பாதையின் முடிவிடத்தை 1922-இலேயே ஒருவர் கண்ணுற்றார். காஹாலின் இளம் மாணவர் லொரெந்தே தெ நோ, சுண்டெலியின் புறணியில் உயிரணுக்கள் திரள்திரளாய் நிற்பதை வரைந்து வைத்தார். அவை மீசைக்குரியவை என்பது அப்போது புலப்படவில்லை. புறணியை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்ததே காரணம் எனலாம். வாழைத்தண்டை நெடுக்கே பிளந்தால் கோடுகளே தெரியும். குறுக்கே அரிந்தால்தான் வட்டங்கள் தெரியும்.

அரை நூற்றாண்டு கழிந்து, 1970-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வூல்சியும் ஹென்ட்ரிக் வான் டெர் லூசும் புறணியை மேற்பரப்புக்கு இணையாகச் சீவினர். பீப்பாய் போன்ற வட்டங்கள் ஐந்து வரிசைகளில் நின்றன. எலியின் கன்னத்து மீசைகளும் ஐந்து வரிசைகளே! ஒரு மீசைக்கு ஒரு பீப்பாய். கன்னத்தின் படம் மூளையில் பதிந்திருந்தது. பின்னர்த் தலாமசிலும் மூளைத்தண்டிலும் இதே ஒழுங்கு காணப்பட்டது.

ஆசிரியர் கருத்தூன்ற வேண்டியது 1973-ஆம் ஆண்டுச் செய்தியாகும். பிறந்த எலிக்குஞ்சின் ஒரு வரிசை மீசைகளை வேரோடு அழித்தபோது அவ்வரிசைப் பீப்பாய்கள் உருவாகவில்லை. அண்டை வரிசைகள் விரிந்து நின்றன. அதே சிதைவு சில நாள் கழித்து நேர்ந்தால் பீப்பாய்களின் அமைப்பு குலைவதில்லை. மூளையின் வரைபடம் இளமையிலேயே உறுதிபெறுகிறது என்று இதனால் பலரும் கொண்டனர்.

அம்முடிவை அசைத்தவருள் ஒருவர் தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, இல்லாத கையிலும் தொடுவுணர்வு தோன்றியதாக அவர் 1992-இல் எழுதினார். மனித மூளையில் கையின் பகுதியும் முகத்தின் பகுதியும் அடுத்தடுத்து இருப்பதை 1937-இலேயே பென்ஃபீல்டும் போல்ட்ரேயும் காட்டியிருந்தனர். வெறுமையான கைநிலத்தை முகம் கவர்ந்துகொண்டது என்பது இராமச்சந்திரனின் விளக்கம். வளர்ந்தோர் மூளையும் மாறவல்லது என்ற நம்பிக்கைக்கு அது பெருவலிமை தந்தது. பஞ்சுக்குச்சி ஒன்றே கருவியாய் அமைந்த எளிமையும் பாராட்டத்தக்கது.

வழக்கு முடிந்தபாடில்லை. கை நீக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் மூவரின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2025-இல் வெளிவந்தது. கையின் பகுதி கையின் பகுதியாகவே நின்றதென்றும், முகம் அதனைக் கவரவில்லையென்றும் அவ்வாய்வாளர் உரைத்தனர்.